எடுபிடி காலம்

(திருவண்ணாமலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் ஐ.டி.ஐ.யில் முப்பது வருஷம் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் சொன்னவன். பட்டறையில் பேசுகிற மாதிரியேதான் இங்கேயும் பேசப்போகிறேன்.

கார்த்திகை ஏழாம் நாள் தேரிலிருந்து தொடங்குகிறேன். இங்கே இருக்கிறவர்களில் பாதிப்பேர் அந்த வடத்தைப் பிடித்து இழுத்திருப்பீர்கள். அண்ணாமலையாரின் பெரிய தேர் மாட வீதி முனையில் திரும்பும்போது தெருவில் இருக்கிற அத்தனை செல்போனும் மேலே உயரும். எல்லாருக்கும் கும்பம் வேண்டும், கோபுரம் பின்னால் தெரிய வேண்டும். நான் தொழில் புத்தியில் கீழே பார்த்துக்கொண்டிருப்பேன், சக்கரத்துப் பக்கம். அங்கே முட்டுக்கட்டை போடுகிறவர் குனிந்தபடியே தேரோடு நகர்வார். ஸ்டியரிங் இல்லாத வண்டி அது. உருள்கிற சக்கரத்தின் முன்னால் எந்தப் பக்கம், எந்தச் சாய்வில், எந்த நேரத்தில் கட்டையைக் கொடுக்கிறார் என்பதை வைத்துத்தான் தேர் திரும்புகிறது. முந்திக் கொடுத்தால் தேர் நின்றுபோகும். பிந்தினால் ஓரத்துக் கடைக்குள் ஏறும். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் காரியத்தைக் கெடுப்பது. தேரடியில் அதுதான் காரியத்தை நடத்துவது.

திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. 1970இல் அந்தத் தேர் மறுபடி ஓடியது. நம் நாட்டுப் பொறியாளர்கள் செய்த அருமையான வேலை அது. பிரேக் வந்த பிறகும் அங்கே முட்டுக்கட்டை போகவில்லை. இன்றைக்கும் வண்டி வண்டியாகக் கட்டை செதுக்கி வைத்துக்கொண்டுதான் வடம் பிடிக்கிறார்கள்.

ஆனால் நான் இன்றைக்குப் பேச வந்தது கட்டை போடுகிறவரைப் பற்றியும் அல்ல. அவருக்கு இரண்டடி பின்னால், அடுத்த கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு இளைஞன் வருவான். அவன் கட்டை போட மாட்டான், எடுத்துக் கொடுப்பான். பழைய கட்டையை இழுத்து வைப்பான். அவன் கண் சாமியைப் பார்க்காது, கூட்டத்தைப் பார்க்காது. பெரியவரின் குதிகாலையும் சக்கரத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். பல வருஷம் அப்படியே போகும். ஒருநாள் பெரியவர் விலகிக்கொண்டு, "நீ போடுடா" என்பார். அதுவரைக்கும் அவனுக்குப் பெயர் எடுபிடி. நம் ஊரில் மதிப்பில்லாத சொல் அது. அந்தச் சொல்லுக்காகத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

செய்திக்கு வருவோம். ஐந்தாறு வருஷம் முன்னால் நம் வீடுகளில் என்ன பேச்சு? பிள்ளைக்கு ஆறு வயதிலேயே கோடிங் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று விளம்பரம் வந்தது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய பெற்றோர் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் 2 சதவீதம், சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதற்கு முந்தின மாதம்தான் ஜெஃப்ரி ஹிண்டன் ஒரு பேட்டியில், பிளம்பர் வேலை கற்றுக்கொள்வது நல்லது என்று சொன்னார். 2024இல் இயற்பியல் நோபல் வாங்கியவர், இந்தச் செயற்கை நுண்ணறிவுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். அவர் சொன்னது உலகம் முழுக்க ஓடியது. நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓடியது. கோடிங் படி என்று விரட்டிய அதே சித்தப்பாக்கள் இப்போது ஐ.டி.ஐ. சேர் என்கிறார்கள்.

ஐ.டி.ஐ.யில் வேலை பார்த்தவனுக்கு இதில் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. பிளம்பர் ஆகு என்கிற எவரும், ஒரு பிளம்பர் எப்படி உருவாகிறார் என்று கேட்பதே இல்லை. கடையில் வாங்குகிற பொருள் மாதிரி பேசுகிறார்கள். அவர் முதல் மூன்று வருஷம் யாருடைய பையைத் தூக்கினார், யார் வீட்டுக் கழிவறையில் யாருக்கு டார்ச் பிடித்தார், அந்த மூன்று வருஷம் அவர் வீட்டில் அரிசி எப்படி வாங்கினார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அவருக்குப் பெண் கொடுப்பார்களா என்றும் கேட்பதில்லை. என் மாணவர்களில் நன்றாகச் சம்பாதிக்கிற கைகாரர்கள் முப்பத்தைந்து வயதில் வரன் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பிளம்பர் ஆகு என்று சொல்கிறவர் வீட்டில் பெண் இருந்தால் அவர்களுக்குக் கொடுப்பாரா? கொடுக்கிறவர் இருந்தால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

என் மகள் சென்னையில் கணினி மென்பொருள் வேலை பார்க்கிறாள். அவளுக்குக் கீழே ஒரு சின்னக் குழு. பொங்கலுக்கு வந்திருந்தபோது சொன்னாள்: "அப்பா, முன்னெல்லாம் காலேஜ் முடிச்சு வர்ற புதுப் பிள்ளைங்களுக்குச் சின்னச் சின்ன வேலையா பிரிச்சுக் கொடுப்போம். இப்ப அதை எல்லாம் மெஷினே செஞ்சுடுது. இந்த வருஷம் எங்க டீமுக்குப் புதுசா ஒருத்தரைக்கூட எடுக்கலை."

"சரிம்மா, பத்து வருஷம் கழிச்சு உன் நாற்காலில யார் உட்காருவா?" என்று கேட்டேன். அவளிடம் பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து, ஊருக்குக் கிளம்பும்போது, "நீங்க கேட்டது தூங்க விடலைப்பா" என்றாள்.

சின்ன வேலை என்று அவள் சொன்னது என்ன? ஒரு திரையில் எழுத்துப் பிழை திருத்துவது. ஒரு கணக்கில் வரும் சின்னத் தப்பைத் தேடிக் கண்டுபிடிப்பது. நிறுவனக் கணக்கில் அதற்கு மதிப்பே கிடையாது. ஆனால் அந்தத் தப்பைத் தேடுகிறவன் வேறொருவர் எழுதிய ஆயிரம் வரியைப் படித்தாக வேண்டும். படிக்கும்போதே, பெரியவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பது உள்ளே இறங்குகிறது. ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையன் எந்த நட்டுக்குப் பிறகு எந்த நட்டு என்று தெரிந்துகொள்வது போலத்தான். மெஷின் அந்த வேலையை நொடியில் முடிக்கிறது, உண்மைதான். வேலை முடிந்துவிட்டது. அந்த வேலையால் உருவாக வேண்டிய ஆள் உருவாகவில்லை.

இது புதுக் கதை என்று நினைக்காதீர்கள். நான் ஆரணியில் ஒரு தறி வீட்டில் பிறந்தவன். அப்பா பட்டு நெய்தார். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு எல்லாம் பின்னால் வந்தது. அன்றைக்கு எங்களுக்கு இருந்தது ஒரு குழித்தறி, அதன் தலைமேல் ஒரு ஜக்கார்டு பெட்டி. பெட்டியிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி தொங்கும். ஓட்டை இருக்கும் இடத்தில் இழை மேலே தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. அப்படித்தான் ஜரிகையில் மாங்காயும் அன்னமும் வரும். அட்டையின் வரிசை மாறினால் அன்னத்துக்கு மூக்கு இருக்காது. அப்பா அட்டையைத் தொட விடமாட்டார்.

அந்தப் பெட்டியைப் பிரான்சில் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804இல் செய்தார். சார்ல்ஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கு அதே ஓட்டை அட்டையைத்தான் வைக்க நினைத்தார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹொலரித் என்பவர் ஓட்டை அட்டை வைத்து எண்ணினார். அவர் தொடங்கிய நிறுவனம் வேறு சிலவற்றோடு சேர்ந்து பின்னாளில் ஐ.பி.எம். ஆனது. என் மகள் உட்கார்ந்திருக்கும் கணினிக்கு அவள் தாத்தாவின் தறி பங்காளி முறை என்று நான் சொன்னால் அது மிகை இல்லை.

இதுவரைக்கும் பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெட்டி யாருடைய வேலையை எடுத்தது என்பதை யாரும் சொல்வதில்லை. அதற்கு முந்தைய பூவேலைத் தறியில் நெசவாளருக்குத் துணையாக ஒரு பையன் இருப்பான். நெசவாளர் சொல்லச் சொல்ல, எந்த இழைகள் தூக்க வேண்டுமோ அந்தக் கயிறுகளைப் பிடித்து இழுப்பது அவன் வேலை. ஜக்கார்டின் அட்டை செய்தது அந்தப் பையனின் வேலையை. நெசவாளர் தறியிலேயே இருந்தார். போனவன் எடுபிடி. இருநூறு வருஷம் கழித்து அதே குடும்பத்தில் பிறந்த இன்னொரு இயந்திரம் வந்து முதலில் கை வைத்திருப்பதும் எடுபிடியின் வேலையில்தான்.

இங்கே நான் நின்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு பொய்யாகிவிடும். அந்தக் கயிறு இழுத்த பையனின் வேலை கொடுமையான வேலை. காலையிலிருந்து இருட்டும்வரை எடையை இழுத்து உடம்பு கோணிப்போகும். அந்த வேலை ஒழிந்தது நல்லதுதான். எங்கள் தறியிலும் ஒரு சின்னப் பையன் இருந்தான். கோர்வைப் புடவைக்கு உடலும் கரையும் தனித்தனி நாடா. நெய்கிறவர் கை எட்டாத பக்கத்துக் கரைக்கு நாடா போட எதிர் ஓரத்தில் ஒரு ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் நான்தான். ஏழு வயது. பள்ளிக்கூடம் போகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் கரை, தார் சுற்றுவது, மறுபடி கரை. எனக்காவது சொந்த அப்பா. முன்பணக் கடனுக்கு அடுத்தவர் தறியில் கட்டுண்டு கிடந்த பிள்ளைகளை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். பட்டுத் தொழிலில் இருந்த கொத்தடிமைப் பிள்ளைகளைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் விரிவான அறிக்கை வெளியிட்டது. காஞ்சிபுரம் அதில் இருக்கிறது.

ஆகவே எடுபிடி காலம் வேண்டும் என்று நான் சொன்னால், அது பிள்ளைகளுக்கு அல்ல. பள்ளிப் படிப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையின் கையிலும் நாடாவும் வேண்டாம், ஸ்பேனரும் வேண்டாம். 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகப் பிள்ளைகள் உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். நான் அந்தக் கதவு வழியாக வந்தவன். அதை மூட வேண்டும்.

கைத்தொழில் பெருமை பேசுகிறவர்களைக் கண்டால் இந்த மாநிலத்தில் ஒரு சந்தேகம் வரும். வர வேண்டும். 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பெரியாரும் அவரோடு சேர்ந்தவர்களும் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் ஆட்சிக்கு வந்ததும் அது போனது. போகாமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கும் அந்தக் குழித்தறியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பேன். விரும்பி உட்கார்ந்திருந்தால் தப்பில்லை. வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருப்பேன்.

அந்த விவாதம் முடியவும் இல்லை. ஒன்றிய அரசு 2023 செப்டம்பர் 17 அன்று விஸ்வகர்மா திட்டம் தொடங்கியது. 18 தொழில்கள், 18 வயது நிரம்பினால் போதும், குடும்ப வழித் தொழில் என்கிற அடிப்படை. கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் அப்பன் தொழிலுக்குக் கடன் கொடுத்து உட்கார வைக்காதே என்று தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாகத் தொடங்கினார்கள். 25 தொழில்கள், எந்த வீட்டில் பிறந்தவரும் விண்ணப்பிக்கலாம், குறைந்தது 35 வயது. அந்த 35 என்ற எண்ணை நான் மனதார ஆதரிக்கிறேன். தொழில் நம் பிறப்போடு ஒட்டிக்கொண்டு வரக்கூடாது.

ஆனால் 35 வயதில் கடன் கிடைப்பதற்கு 20 வயதில் அந்தத் தொழிலை அவர் எங்கேயாவது கற்றிருக்க வேண்டும். தச்சு வேலை அறியாத வீட்டில் பிறந்த ஒரு பெண்ணுக்கு மரத்தின் மேல் ஆசை வந்தால் அவள் எந்தப் பட்டறை வாசலில் போய் நிற்பாள்? பரம்பரை வழியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வேறு வழியைக் கட்டினோமா? அதைத்தான் நாம் பாதியில் விட்டிருக்கிறோம்.

பெண் என்றதும் சித்தாள் ஞாபகம் வருகிறது. நம் ஊரில் எங்கே கட்டடம் எழும்பினாலும் பாருங்கள். கலவை குழைப்பது, செங்கல் சுமப்பது, சாரத்தில் ஏறிச் சட்டியைக் கொடுப்பது எல்லாம் பெண்கள். கலவை இறுகியிருக்கிறதா, நீர்த்திருக்கிறதா என்று கொத்தனாருக்கு முன்னால் சித்தாளுக்குத் தெரியும். கூடவே வேலைக்கு வந்த ஆண் கையாள் நாலைந்து வருஷத்தில் கரண்டியைப் பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான். இருபத்தைந்து வருஷம் சுமந்த பெண் சித்தாளாகவே வீட்டுக்குப் போவாள். அவளுக்கு வேலை தெரியாதா? கரண்டியை யாரும் நீட்டவில்லை, அவ்வளவுதான். நம் ஊரில் அம்மன் தேரைப் பெண்கள் மட்டுமே இழுக்கிறார்கள். அந்த எடை அவர்கள் கைக்கு வரும். கட்டை போடும் இடத்தில் ஒரு பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. எடுபிடி காலம் என்றால் அதற்கு ஒரு முடிவு இருக்க வேண்டும். முடிவே இல்லாத எடுபிடி வேலைக்கு அடிமைத்தனம் என்று பெயர்.

பட்டறைக்கு வருகிறேன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டருக்குச் சேர்ந்த பையனுக்கு முதலில் அரத்தைத்தான் கையில் கொடுப்போம். ஒரு இரும்புக் கட்டியை வைஸில் பிடித்து ராவ வேண்டும். நாள் கணக்கில், வாரக் கணக்கில் ராவ வேண்டும். மூலைமட்டத்தை வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் மறுபடி ராவு. எல்லா வருஷமும் எல்லாப் பையன்களும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சார், மெஷின்ல வச்சா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடுமே?" முடிஞ்சிடும்தான். நமக்கு வேண்டியது அந்தக் கட்டி இல்லை. அது கடைசியில் பழைய இரும்பு. நமக்கு வேண்டியது, சமதளம் என்றால் என்ன என்று தெரிந்த ஒரு கை. அந்தக் கை இல்லாதவன் லட்ச ரூபாய் மெஷினில் வேலை பார்த்தாலும், மெஷின் தப்பு செய்யும்போது அவனுக்குத் தெரியாது. என் மகளிடமும் இதையேதான் சொன்னேன். சின்னத் தப்பைத் தேடியே பழகாதவன், மெஷின் எழுதிக் கொடுத்ததில் பெரிய தப்பு இருந்தால் எதை வைத்துக் கண்டுபிடிப்பான்?

நான் 1979இல் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸ். அலுமினிய உடம்பில் ஒரு போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தேன். இன்னும் கால் சுற்று இருக்கட்டும் என்று முடுக்கினேன். மரை போய்விட்டது. விலையுள்ள பாகம். கை நடுங்கிவிட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த மூத்த ஃபிட்டர் திட்டவில்லை. வந்து உட்கார்ந்து, "கடைசி கால் சுத்துல கை என்னப்பா சொல்லுச்சு?" என்று கேட்டார்.

"கொஞ்சம் இளகின மாதிரி இருந்துச்சுண்ணே."

"அதான். அதை மறக்காதே."

பிறகு துளையைப் பெரிதாக்கி, அடுத்த அளவு டேப்பை என் கையில் கொடுத்து, புது மரை வெட்ட வைத்தார். ஷிப்ட் முடிந்து இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை கூடவே உட்கார்ந்திருந்தார். அந்த இளகல் இன்றைக்கும் என் மணிக்கட்டில் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் அதை எழுத முடியாது. தப்பு செய்யலாம், அது மலிவாக முடியும், பக்கத்தில் ஒருவர் இருப்பார். எடுபிடி காலம் என்பது இவ்வளவுதான். இதை விலைக்கு வாங்க முடியாது, வேகப்படுத்தவும் முடியாது.

இனி இணையத்தைப் பற்றி. வாத்தியார் என்றால் யூடியூபைத் திட்டுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் திட்ட மாட்டேன். புதுக்கோட்டைப் பக்கத்துச் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்த வில்லேஜ் குக்கிங் சேனல், 2021இல் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்ட முதல் தமிழ் சேனல் ஆனது. சமையல்காரரின் முகத்தை உலகம் பார்த்தது. எனக்கு அதில் பெருமை. துருப்பிடித்த அரிவாளைத் தீட்டுவது, மண்ணைக் குழைத்துச் சட்டி வனைவது, இரும்பைக் காய்ச்சி அடிப்பது போன்ற வீடியோக்களை ராத்திரி தூக்கம் வராதவர்கள் லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள். கை வேலை செய்வதைப் பார்க்க மனிதனுக்கு அப்படி ஒரு பசி இருக்கிறது. அதே ஆள் காலையில் எழுந்து, குழாய் சரிபண்ண வந்தவரிடம் ஐம்பது ரூபாய் பேரம் பேசுவதும், குடிக்கத் தனி டம்ளர் எடுத்துக் கொடுப்பதும்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

கற்றுக்கொள்வதிலும் வீடியோ உதவும், ஓரளவுக்கு. ஜவ்வாது மலையிலிருந்து வந்த என் மாணவன் ஒருவன் மோட்டார் காயில் கட்டுவதைத் தமிழ் வீடியோக்கள் பார்த்தே கற்றான். கெட்டிக்காரன். முதலில் கட்டிக் கொடுத்த ஒரு பம்ப்செட் மோட்டார் பதினைந்து நாளில் எரிந்துவிட்டது. என்னிடம் கொண்டுவந்தான். எங்கள் ஊர்க்காரர், நாற்பது வருஷமாகக் காயில் கட்டுகிறவர், அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். கம்பியை உள்ளே தள்ளும்போது காப்புக் காகிதம் ஒரு மூலையில் கிழிந்திருக்கிறது. வார்னிஷ் உள்ளே முழுக்கக் காயவில்லை. இவன் வீடியோவில் அந்த இரண்டு இடமும் இல்லை. கம்பி தள்ளும் காட்சியை வேகமாக ஓட்டியிருந்தார்கள், வார்னிஷ் காயும் நேரத்தை வெட்டியிருந்தார்கள். யார் காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்வார்கள்? வெட்டிப்போட்ட அந்த நேரத்தில்தான் தொழில் இருக்கிறது. எரிந்த வார்னிஷின் வாசனைக்கும் வேகாத வார்னிஷின் வாசனைக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தத் திரையும் அனுப்பாது. பையன் ஒரு வருஷம் அந்தப் பெரியவரோடு இருந்தான். இப்போது சொந்தக் கடை.

கைத்தொழிலை இயந்திரம் தொடாது என்று நான் சொல்ல வரவில்லை. கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கி 1985இல் சட்டமே போட்டார்கள். அப்படியும் விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்கிறார்கள். விசைத்தறிக்கு எந்த நுண்ணறிவும் இல்லை. வாங்குகிறவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் போனதே அதற்குப் போதுமாயிருந்தது.

எடுபிடியை ஆளாக்குவதை ஒரு முறையாகவே வைத்திருந்த இடமும் உண்டு. நம் கோவிலைப் பாருங்கள். 217 அடி ராஜகோபுரம். கிருஷ்ணதேவராயர் தொடங்கி வைத்தார், தஞ்சையின் சேவப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. 2017 பிப்ரவரி 6 அன்று குடமுழுக்கு நடந்தது. அதற்கு முன்னால் பல மாதம் சாரம் கட்டியிருந்ததை நீங்கள் பார்த்தீர்கள். நான் தினமும் சாயங்காலம் போய் நின்று பார்ப்பேன். சுதை வேலை செய்கிறவர் ஒரு யாளியின் உதட்டைத் திருத்திக்கொண்டிருப்பார். கீழே ஒருவன் கலவையைப் பதம் பார்த்து மேலே அனுப்புவான். குடமுழுக்கை 12 வருஷத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்பது மரபு. சாஸ்திரக் காரணம் சாஸ்திரிகளுக்குத் தெரியும். எனக்கு ஒரு பட்டறைக் காரணம் தெரிகிறது. இருபது வயதில் ஒரு குடமுழுக்கில் கலவை சுமந்தவன், முப்பத்திரண்டில் சிற்பம் திருத்துவான், நாற்பத்து நாலில் சாரத்துக்குத் தலைவன் ஆவான். இடைவெளி அறுபது வருஷம் என்றால் தெரிந்தவர் எல்லாம் செத்திருப்பார்கள். ஜப்பானில் இசே கோவிலை 20 வருஷத்துக்கு ஒருமுறை முழுதாகப் புதிதாகவே கட்டுகிறார்கள். கடைசியாகக் கட்டியது 2013. மரமும் நிலைக்கவில்லை, கட்டடமும் நிலைக்கவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட வருஷமாகத் தச்சர்கள் நிலைத்திருக்கிறார்கள்.

கோவில் வேலையின் கதவு நம் ஊரில் சில குலங்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. 1957இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்வி தொடங்கிய பிறகு வேறு வீட்டுப் பிள்ளைகளும் உளி பிடிக்க வழி வந்தது. கன்னியாகுமரி 133 அடி வள்ளுவர் சிலையை வடிவமைத்த கணபதி ஸ்தபதி அங்கே தலைமை வகித்துக் கற்பித்தவர். பரம்பரை ஸ்தபதி ஒருவர் தன் வித்தையைப் பொது வகுப்பறையில் வைத்துக் கற்பித்ததுதான் அவருடைய சிலைகளைவிடப் பெரிய காரியம் என்று எனக்குப் படுகிறது.

இப்போது செய்ய வேண்டியது. அரசு 71 ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, சுமார் 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்திருக்கிறது. ரோபோ வந்திருக்கிறது, சி.என்.சி. வந்திருக்கிறது. நல்லது, வரட்டும். அரத்தையும் வைஸையும் மட்டும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள் என்று அங்கே வேலை பார்க்கிற என் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ. சேரும் அரசுப் பள்ளிப் பெண்களுக்கும் உண்டு. அது எத்தனையோ வீட்டில் பேச்சை மாற்றியிருக்கிறது.

ஐ.டி.ஐ. முடித்த பிறகுதான் இடறல். அப்ரண்டிஸ் சட்டம் 1961இலிருந்து இருக்கிறது. 2019இல் விதியைத் திருத்திக் குறைந்தபட்ச உதவித்தொகையைப் படிப்பைப் பொறுத்து மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். நம் ஊரில் கட்டட வேலைக்குப் போகிற கையாள் ஏறக்குறைய பத்து நாளில் பார்த்துவிடுகிற காசு. ஒரு வருஷம் இந்தக் காசில் காத்திருக்க முடிந்தவன் வசதியான வீட்டுப் பையன். மற்றவன் மூன்றாம் மாதம் சாப்பாடு டெலிவரிக்குப் பைக் ஓட்டப் போய்விடுகிறான். அவனை நான் எப்படிக் குறை சொல்வேன்? சொல்லிக் கொடுக்கிறவருக்கோ ஒரு பைசா கிடையாது. பையனுக்குச் சொல்லிக் கொடுக்கும் இரண்டு மணி நேரம் அவருடைய சம்பாத்தியத்தில் ஓட்டை. பெரிய கம்பெனி தாங்கும். நம் ஊர்ச் சின்னப் பட்டறைக்காரர் எப்படித் தாங்குவார்? அந்த இரண்டு மணி நேரத்துக்கு அரசு அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். வாத்தியார் என்று எனக்குக் கொடுத்தார்களே, என்னைவிட வேலை தெரிந்தவர்கள் வெளியே பட்டறையில் இருந்தார்கள்.

என் மகள் இப்போது தன் மேலாளரிடம் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறாள். சின்ன வேலைகளில் ஒரு பங்கை மெஷினுக்குக் கொடுக்காமல் ஒதுக்கி, இரண்டு புதுப் பிள்ளைகளை எடுத்து அவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று. நேரம் அதிகமாகும், செலவு அதிகமாகும் என்று அவளே கணக்குப் போட்டு எழுதியும் கொடுத்திருக்கிறாள். இன்னும் பதில் வரவில்லை.

அவளுடைய கம்பெனியில் நமக்குப் பேச்சு எடுபடாது. இந்த ஊரில் எடுபடும். இந்தக் கூட்டத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர்கள் இருக்கிறீர்கள், கிரில் கேட் வேலை செய்கிறவர்கள், காயில் கட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள், முகம் தெரிகிறது. என்னிடம் இப்போது மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவன் வெல்டர் முடித்திருக்கிறான். இன்னொருவன் எலக்ட்ரீஷியன். மூன்றாவது ஒரு பெண், ஃபிட்டர். நான் ஓய்வு பெற்ற பிறகு பார்த்த பிள்ளைகளில் மூலைமட்டத்தைக் கண்ணுக்கு நேரே சரியாகப் பிடித்தவள் அவள்தான். நாலு பட்டறைக்குப் போய் வந்துவிட்டாள். பெண்ணுக்கு இங்கே என்ன வேலை, கழிவறை வசதி இல்லையே என்று திருப்பி அனுப்பினார்கள். கழிவறை கட்டுகிற செலவில் பாதியை நான் தருகிறேன். முதல் ஆறு மாதம் அவளுக்கு வேண்டிய பஸ் காசை என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன். அவளுக்கு வேண்டியது எடுத்துக் கொடுக்க ஒரு இடம், பக்கத்தில் நிற்க ஒரு ஆள். அவள் வெளியே செருப்பு விடும் இடத்தில் நின்றுகொண்டிருக்கிறாள், அவள் அம்மாவும் கூட வந்திருக்கிறார். பேச்சை இத்தோடு நிறுத்திக்கொண்டு நானும் அங்கே போகிறேன். பட்டறைக்காரர்கள் அப்படியே வாருங்கள்.